நாற்பது சைஸ் கோட்டு

கோட்டு பொருந்திவிட்டது. அதுதான் பூவரசனுக்குச் சங்கடமாகப் போயிற்று. தோளில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கலாம், வயிற்றில் பொத்தான் இழுத்துப் பிடித்திருக்கலாம், கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றிருக்கலாம், ஏதாவது ஒன்று. சைஸ் சரியில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்து, சுகிர்தாவைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக இறங்கி, உஸ்மான் ரோட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கலந்து, வேறு கடை பார்க்கலாம், வெயிலாக இருக்கிறது, அடுத்த வாரம் வரலாம் என்று சொல்லிச் சொல்லி இன்னும் ஒரு வாரத்தை வாங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் அவன் வாங்குவது நாள்களைத்தான். ஆனால் கருநீலக் கோட்டு, நாற்பது சைஸ், அவனுக்கென்றே தைத்ததுபோல உடம்பில் உட்கார்ந்துகொண்டது. ட்ரையல் ரூமின் மூன்று பக்கக் கண்ணாடியிலும் ஒரு மாப்பிள்ளை நின்றான். முதுகுகூட மாப்பிள்ளை முதுகாக இருந்தது. கழுத்துக்குப் பின்னால் தொங்கிய விலைச்சீட்டை அவன் பார்க்கவில்லை, விரலால் தொட்டு உள்ளே தள்ளிவிட்டான். விலை பார்க்காமல் வாங்குகிறவன் என்று ஆபீசில் அவனுக்குப் பெயர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான். பணம் இருக்கிறது, அதனால் பார்ப்பதில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். பயந்துபோய்த்தான் பார்ப்பதில்லை என்பது அவனுக்கே இந்த அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் தோன்றுகிறது.

“அரசு, ஆச்சா?” கதவுக்கு வெளியே சுகிர்தா.

“ம்ம், ஒரு நிமிஷம்.”

“டைட்டா இருந்தா சொல்லு. கடைக்கார அண்ணன் அடுத்த சைஸும் எடுத்து வெச்சிருக்காரு.”

“இரு, பாக்கறேன்.”

பார்க்கிறேன். எதைப் பார்ப்பது. மூலையில் ஒரு சின்ன ஸ்டூல் கிடந்தது, அதில் உட்கார்ந்தான். தலைக்கு மேல் விளக்கு சுட்டது. புதுத்துணி வாசனைக்கு அடியில், இதை முன்னால் போட்டுப் பார்த்த யாரோ ஒருவனின் வியர்வை லேசாக அடித்தது. அவனும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பானா, அவனுக்கும் வெளியே ஒரு பெண் காத்திருந்திருப்பாளா, அவன் ஏன் வாங்காமல் போனான், தைரியமாகப் போனானா, பொய் சொல்லிப் போனானா. பேன்ட் பையில் போன் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. எடுக்கவில்லை, எடுக்காமலே தெரியும், அன்பான வாடிக்கையாளரே என்று தொடங்கும். முதலில் எல்லாமே அன்பாகத்தான் இருந்தது. ஆபீஸ் கேன்டீன் வாசலில் பலூன் கட்டி ஒரு மேஜை போட்டிருந்தார்கள், ஒரு பெண் சிரித்துக்கொண்டே, சார், ஆயுசு முழுக்க கட்டணமே கிடையாது சார், ஒரு கையெழுத்து போதும் என்றாள், கையோடு ஒரு ட்ராலி பேக் கொடுத்தாள். அந்தப் பையின் சக்கரம் மூன்றாம் தடவை உருட்டும்போதே கழன்றுவிட்டது, கார்டு மட்டும் கழலவில்லை. அப்புறம் ஒரு நாள் கிண்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மெசேஜ் வந்தது, உங்கள் வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது என்று. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். அந்த வருஷம்தான் மேனேஜர் அவனுடைய வேலையைப் பற்றி ‘பரவாயில்லை’ என்று எழுதி, சம்பளத்தில் ஏறியதே தெரியாத ஒரு தொகையை ஏற்றியிருந்தார். பாங்க் அவனைப் பற்றி மேனேஜரைவிட உயர்வாக நினைத்தது. கேட்காமலே ஒருத்தர் தன்னை உயர்த்துகிறார் என்றால் அதை எப்படி வேண்டாம் என்று சொல்வது.

வேண்டாம் என்று சொல்லி அவனுக்குப் பழக்கம் இருந்தது, அதுதான் வேடிக்கை. காலேஜில் மொத்த வகுப்பும் கொடைக்கானல் போனபோது, வீட்டில் கேட்க மனசு வராமல், மஞ்சக்காமாலை என்று சொல்லிவிட்டான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, அவர்கள் திரும்பி வருகிற வரை ஹாஸ்டலில் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தான். மெஸ் மாஸ்டர் பாவப்பட்டு அவனுக்கு மட்டும் தனியாக உப்பில்லாத மோர்ச்சாதம் பிசைந்து அனுப்பினார். பசியில் அதை அள்ளி அள்ளித் தின்றதும், நாக்கில் அந்தச் சப்பென்ற ருசியும் இன்னும் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, வேலைக்கு வந்து முதல் தடவையாக ஒரு பெரிய மேஜையைச் சுற்றி எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பில் வந்து, யார் எவ்வளவு என்று போனில் கணக்குப் போட ஆரம்பித்தபோது, அவன் வாயிலிருந்து தானாக வந்தது, விடுங்கடா, நான் பாத்துக்கறேன் என்று. மேஜை ஒரு கணம் அடங்கியது. சர்வர் அவன் பக்கம் மட்டும் குனிந்தார். அந்தக் குனிவு. அதற்குப் பிறகு பில் வரும்போதெல்லாம் எல்லாக் கண்ணும் அவன் பக்கம் திரும்பியது. முதலில் அது பிடித்திருந்தது. பிறகு பிடிக்காமலும் போயிற்று, ஆனால் அது இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன். எதைப் பார்த்துக்கொண்டான். போன், ஸ்கூட்டர், வேளச்சேரி வாடகை வீட்டுக்கு ஏசி, நண்பர்களோடு மூணாறு, அம்மாவுக்கு ஒரு சங்கிலி. அம்மா அந்தச் சங்கிலியைக் கழுத்தில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இவ்ளோ எதுக்குப்பா என்றாள், கண் நிறைந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு இன்னும் மாதாமாதம் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. சீ, என்ன நினைப்பு இது. அம்மா கண்ணைக்கூடத் தவணையாக நினைக்க வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டார்களா, வைத்துக்கொண்டானா.

சுகிர்தாவின் செருப்பு கதவுக்குக் கீழே தெரிந்தது. பழுப்பு வார் செருப்பு, இடது காலை வலது காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நின்று நின்று கால் வலிக்கும்போது அப்படித்தான் செய்வாள். ஈக்காட்டுத்தாங்கல் பிசியோதெரபி கிளினிக்கில் நாள் முழுக்க நின்று மற்றவர்கள் காலைப் பிடித்துவிடுகிறவள். அவளை அங்கேதான் முதலில் பார்த்தான், வாடகை மைதானத்தில் பந்து விளையாடிக் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு போனபோது. இங்க வலிக்குதா என்று அழுத்தினாள், இல்லை என்றான். பொய் சொல்லாதீங்க சார், மூஞ்சி சுருங்குது என்றாள். சார் நீங்களாகி, நீங்கள் நீயாகி, இப்போது இரண்டு வீட்டிலும் சம்மதித்து வரவேற்புக்குக் கோட்டு எடுக்கிற வரைக்கும் வந்தாயிற்று. கடலோரம் மொட்டைமாடி ஹோட்டலுக்கு முதல் தடவை கூட்டிப்போனபோது அவள் மெனு கார்டை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு சூப் மட்டும் போதும் என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, இருந்ததையெல்லாம் வரவழைத்தான். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அவள் விலையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் படித்தாள், அவன் படிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கார்டின் கடனை இன்னொரு கார்டிலிருந்து கட்டலாம் என்று அவன் கண்டுபிடித்ததும் அந்த வருஷம்தான். கண்டுபிடித்த அன்றைக்கு ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக ஒரு பிரியாணி சாப்பிட்டான், அதையும் கார்டில். பணம் கேட்டு முதலில் ஒரு பெண் கூப்பிடுவாள், பூவரசன் சாருங்களா, சாப்டீங்களா சார் என்பாள். பிறகு ஒரு ஆள், என்ன சார் என்றான். போன வாரம் அது என்னப்பா ஆகிவிட்டது. அடுத்த வாரம் என்னடா ஆகும். ஆபீசில் போன வருஷம் இப்படித்தான் இரண்டு பேர் வந்து ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்துகொண்டார்கள், சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துக்கொண்டு சாயங்காலம் வரை அப்படியே இருந்தார்கள். யாரைத் தேடி வந்தார்களோ அந்தப் பையன் படிக்கட்டில் ஒளிந்திருந்தான். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் பூவரசனும் உண்டு. அந்த இரண்டு பேரும் இப்போதெல்லாம் அவன் நினைப்பில் சுகிர்தாவின் கிளினிக்கில், முட்டிவலிக்காரர்கள் வரிசையில், சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்தது யாரு என்று அவள் கேட்கிறாள். அவர்கள் எழுந்திருக்கிறார்கள்.

“அரசு, மண்டபத்துலேர்ந்து கால் வந்திருக்கு. ரெண்டு தடவ. சத்தத்துல கேக்கல.”

ஸ்டூலில் அவன் நிமிர்ந்தான்.

“என்னவாம்?”

“தெரியலயே. பாக்கிப் பணத்தப் பத்தி இருக்கும், இல்ல சமையலப் பத்தி. கூப்பிட்டுப் பேசட்டா?”

“வேணாம். நான் பேசறேன், அப்பறம்.”

“இதுல என்ன இருக்கு, நானே பேசிடறேன். நீ முதல்ல போட்டுக் காட்டு.”

மண்டபம். அதை நினைக்காமல் இருக்கத்தான் பஸ் ஸ்டாப், பலூன், மோர்ச்சாதம், இத்தனையும் சுற்றி வந்தானா. சுற்றிச் சுற்றி மனசு அங்கேதான் வந்து முட்டுகிறது. வடபழனி மண்டபத்துக்கு முன்பணத்தில் பாதியைக் கட்டியாயிற்று, மீதிப் பாதி சுகிர்தாவின் பங்கு. அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்தது, யாரோ ஒருவருடைய இடுப்பையும் தோளையும் அழுத்தி அழுத்திச் சம்பாதித்தது. மண்டபத்துக்கு என்று குறிப்புப் போட்டு அவன் கணக்குக்கு அனுப்பினாள். அது வந்து விழுந்த அன்றைக்குத்தான் கடனைக் கேட்டுக் கூப்பிடுகிற அந்த ஆள் முதல் தடவையாக அப்பாவின் பெயரைச் சொன்னான், ராணிப்பேட்டை விலாசத்தைத் தெருப்பெயரோடு ஒப்பித்தான். ஒரு வாரம்தான், அவள் பணத்தைக் கார்டுக்குக் கட்டிவிட்டு, சம்பளம் வந்ததும் எடுத்து வைத்துவிடலாம் என்று பூவரசன் நினைத்தான். உண்மையிலேயே நினைத்தான், அது மட்டும் சத்தியம். சம்பளம் வந்தது, வந்த வேகத்தில் வேறு ஒருவனிடம் போயிற்று. அவள் கேட்டபோது கட்டியாச்சு என்றான். இரண்டு வார்த்தைகூட அல்ல, ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கைவிட்டுப் போன சுலபத்தை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. கதவுக்கு வெளியே அவள் போனில் எண்ணைத் தேடுகிறாள். கூப்பிட்டால் மண்டப மேனேஜர் எடுப்பார், அவர் நல்ல மனுஷர், நிதானமாக விளக்கிச் சொல்லுவார், மேடம், பாக்கி வரலைங்களே, தேதியை வேற பார்ட்டி கேக்கறாங்க என்பார். அவளுக்கு அது அவர் வாயால் தெரியும். துணிக்கடையில், நாலு பேர் நடுவில், போனைக் காதில் வைத்துக்கொண்டு தெரியும். இன்னும் ஒரு பொய் இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, பாங்க் கம்ப்யூட்டரில் பிரச்சினை, பணம் பாதி வழியில் நிற்கிறது, திங்கட்கிழமை சரியாகிவிடும். அது அழகாகக்கூட இருந்தது, இந்தக் கோட்டைப்போலப் பொருந்தியது. கண்ணாடியில் மூன்று பூவரசன்களும் அவனைப் பார்த்தார்கள். யாராவது ஒருவன் சொல்லித் தொலையுங்களேன்டா.

“சுகி.”

“ரிங் போகுது, இரு.”

“கட் பண்ணு. ப்ளீஸ். நான் ஒண்ணு சொல்லணும்.”

“வெளிய வந்து சொல்லு.”

“வெளிய வந்தா சொல்ல மாட்டேன்.”

செருப்பு அசையாமல் நின்றது. பக்கத்து அறையில் யாரோ பெல்ட்டை உருவும் சத்தம். அவன் கதவுக்கு அருகில் போய் நின்றான், கதவின் பச்சைப் பெயின்டுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “மண்டபத்துக்கு நான் பணம் கட்டல. நீ குடுத்தது. கார்டுக்குக் கட்டிட்டேன். கிரெடிட் கார்டு. நெறைய இருக்கு, சுகி, ரொம்ப நாளா. நான் வாங்கிக் குடுத்தது, சுத்தினது, எதுவுமே என் காசு இல்ல. கட்டியாச்சுன்னு சொன்னது பொய்.” சொல்லி முடித்த பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவுதானா, வருஷக்கணக்காகச் சுமந்தது இவ்வளவு கொஞ்சம் வாக்கியமா என்று. ஏதாவது சொல், திட்டு. திட்டினால் பிடித்துக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்கலாம், அழலாம். பழுப்புச் செருப்பு திரும்பியது. நடந்தது. கதவுக்குக் கீழே வெறும் தரை, வெள்ளைத் தரையில் ஒரு குண்டூசி.

போய்விட்டாள். நின்றுகொண்டே அதை நினைத்துப் பார்த்தான், போய்விட்டாள் என்று. காலடியில் ஒரு குழி விழுந்தது, ஆனால் குழிக்குக் கீழே தரை இருந்தது, அது எப்படி என்று தெரியவில்லை. இத்தனை நாளாக விழுந்துகொண்டே இருந்தவன் ஒரு இடத்தில் வந்து விழுந்துவிட்டதுபோல. இனி யாரும் அவளிடம் போய்ச் சொல்ல முடியாது. என்னப்பா என்கிறவன் கிளினிக்குக்குப் போனாலும், அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லுவான். அப்பாவிடமும் சொல்ல வேண்டும், அதுவும் அவன் வாயாலேயே. அப்பா கத்துவார், ஒரு மாசம் பேசமாட்டார், பேசாமல் இருந்தாலும் அவர் இருப்பார். ஸ்கூட்டரை விற்கலாம். ஏசியை விற்கலாம், வேளச்சேரி வீட்டை விட்டு யாரோடாவது அறையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் புதிய யோசனை ஒன்றும் இல்லை, நெடுநாளாக மனசின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவைதான், ஆனால் விற்றால் அவள் ஏன் என்று கேட்பாள் என்பதனாலேயே உள்ளே வர முடியாமல் நின்றன. இப்போது அவள் கேட்கமாட்டாள். கேட்பதற்கு இருப்பாளா. திரும்பவும் அங்கேயே வந்து சிக்குகிறது. கோட்டைக் கழற்றினான். கோட்டுக் கையின் உள்பக்கம் வழுவழுவென்று பிரிய மனமில்லாததுபோல உருவிக்கொண்டு வந்தது. தன்னுடைய கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டபோது அது வீட்டு வாசனை அடித்தது, நேற்றைய சோப்பு, கொஞ்சம் வெயில். ஹாங்கரில் கோட்டை மாட்டி, முன்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்தான். அதன்மேல் என்ன தப்பு.

வெளியே விற்பனைக்காரர் இன்னொரு கோட்டை முன்கையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நடுவயது, கழுத்தில் இன்ச் டேப். “சைஸ் கரெக்டா சார்? மேடம் படிக்கட்டுப் பக்கம் போனாங்க. பில் போட்டுடலாமா?”

“சைஸ் கரெக்டா இருக்கு,” என்றான் பூவரசன். “ரொம்ப நல்லா இருக்கு. என்னால வாங்க முடியாது. அவ்ளோ காசு இல்ல.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், அங்கே என்னவோ நடக்கப்போகிறது என்று. ஒன்றும் நடக்கவில்லை. “அதனால என்ன சார்,” என்று கோட்டை வாங்கிக்கொண்டார். “காட்டன்ல பாக்கறீங்களா, கீழ ரெண்டாவது மாடி. இல்லன்னா பரவால்ல.” அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். இதற்கா மஞ்சக்காமாலை. இதற்கா உப்பில்லாத சோறு.

லிப்ட்டுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க லிப்ட்டில் அடைத்துக்கொண்டு போக, படிக்கட்டு காலியாக இருந்தது. கைப்பையைப் பக்கத்தில் வைத்திருந்தாள், அவன் உட்காரக்கூடிய இடத்தில். போனில் பேசிக்கொண்டிருந்தாள், அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. “இல்ல சார், கேன்சல்னு சொல்லல. புதன்கிழம வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க. மேல சின்ன ஹால் ஒண்ணு இருக்குன்னீங்களே, அதுக்கு எவ்ளோன்னு விசாரிச்சு வைங்க. ஆமா சார். நாங்களே சொல்றோம்.” நாங்களே. அந்தச் சொல்லை அவன் பிடித்துக்கொள்ளப் பார்த்தான், பிடித்துக்கொள்ள உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் இரண்டு படி மேலேயே நின்றான். அவள் போனை அணைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

“பணம் போனதுக்குக் கோவம் இல்லன்னு சொல்வேன்னு நெனைக்காத. கோவம்தான். அது என் சீட்டுப் பணம்.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது. அத விட, நான் போன் எடுத்ததாலதான சொன்ன? எடுக்கலன்னா?”

அவன் யோசித்தான். சொல்லியிருப்பேன் என்பது ஒரு பதில். “சொல்லிருக்க மாட்டேன்,” என்றான். “இன்னிக்கு சொல்லிருக்க மாட்டேன்.”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “அந்த மொட்டமாடி ஹோட்டல்ல ஒரு சூப்புக்கு அவ்ளோ விலை. தொண்டையில எறங்கவே இல்ல எனக்கு. உனக்கு வசதின்னு நெனச்சேன். வசதியான பையன்கிட்ட எப்பிடிப் பேசணும்னு எத்தன நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? உன்ன மாதிரி இருக்கணும்னு நானும் ஒரு கார்டுக்கு எழுதிக் குடுத்தேன். வரல. சம்பளம் பத்தாதுன்னுட்டாங்க.” இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பின்மேல் அவளுக்கே கோபம் வந்து வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அவனைக் கண்டு பயமாக இருந்திருக்கிறது. அவன் அவள் முன்னால் கோட்டுப் போட்டு நின்றுகொண்டே இருந்திருக்கிறான், எல்லா நாளும். கீழே இருந்து ஒரு குடும்பம் பைகளோடு ஏறி வந்தது, இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“கல்யாணத்தப் பத்தி இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றாள். “எனக்கே தெரியல. புதன்கிழம சொல்றேன். நாளைக்கு லீவு போடு, பாங்குக்குப் போய் எல்லாக் கார்டையும் நிறுத்தச் சொல்லி, தவணையா கட்டறதுக்கு எழுதிக் கேக்கணும். எங்க கிளினிக்ல ஒருத்தர் அப்பிடித்தான் கட்டி முடிச்சாரு. ஸ்கூட்டர வித்துடு. என்னோட பணத்த நீ மாசாமாசம் எனக்குத் திருப்பிக் குடுக்கணும், கல்யாணம் ஆனாலும், ஆவலன்னாலும்.”

“குடுக்கறேன்.”

“மொத்தம் எத்தன கார்டு?”

“மூணு,” என்றான்.

வாய் மூடுவதற்குள் தெரிந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும். நாக்கு தானாகவே ஒன்றைக் குறைத்துச் சொல்கிறது. அந்தக் கடைசிக் கார்டு சின்னது, அதில் கடன் அதிகம் இல்லை, யாருக்கும் தெரியாது, ஏதாவது அவசரத்துக்கு இருக்கட்டுமே, அது ஒன்று மட்டும் இருக்கட்டுமே. அவள் தலையாட்டிவிட்டாள், நம்பிவிட்டாள். இப்படியே விட்டால் ஒன்றும் ஆகாது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது, கதவு இல்லை, அவள் முகம் இருந்தது, இனி அவள் கேட்கவும் மாட்டாள், அவனாகச் சொன்னால் ஒழியத் தெரியப்போவதே இல்லை.

“இல்ல சுகி,” என்றான். “நாலு. இன்னொண்ணு இருக்கு. இப்பக்கூட மறைக்கப் பாத்தேன்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“உக்காரு,” என்றாள். “அதுலேர்ந்து ஆரம்பி.”